யாரும் மருந்து வைக்கவில்லை

தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர்களுக்கும், குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்கள் கூட்டம்தான். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் ஒன்பது வருடமாகக் காலையில் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம் வைத்து வருகிறேன். எங்கள் மீன்காரம்மா எனக்கென்று தலையையும் வாலையும் தனிப் பையில் கட்டி வைத்துவிடுவார். கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டு போக ஒரு கூண்டு, பழைய துண்டுகள் பத்து, பூனையை ஏற்றிக்கொள்ள முகம் சுளிக்காத ஓர் ஆட்டோக்காரரின் நம்பர், எல்லாம் கைவசம் உண்டு. பூனையைப் பற்றி நமக்குத் தெரியாததா என்றுதான் போன ஐப்பசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்து, தெருவே கேட்கும்படி, "வாயில்லா ஜீவனுக்கு மருந்து வச்சுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன். அவர் வைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாடிப்படிக்குக் கீழே சீனி என்று ஒரு பழைய பூனை. அதற்கு மூன்று குட்டிகள்: மிளகு, சீரகம், கடுகு. பத்து வாரம் இருக்கும். திரைச்சீலையில் ஏறி இறங்கும் வயசு. மழை பிடித்த வாரத்தில் உங்களில் ஒருவர் ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கொண்டுவந்து, "தனியா கிடக்குது, ரெண்டு நாள் வச்சுக்கங்க, ஆள் பார்த்துடறேன்" என்றார். நான் அதைத் துடைத்து, மற்ற மூன்றோடு அதே பெட்டியில் விட்டேன். அதே கிண்ணம், அதே துண்டு. மூன்றாம் நாள் அது மஞ்சளாக நுரை தள்ளி வாந்தி எடுத்தது. மழையில் நனைந்தது, குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் ராத்திரி போய்விட்டது. பிறந்தது முதல் அலைந்த குட்டி, தாங்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆறு நாள் கழித்து சீரகமும் கடுகும் ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் சோறு வேண்டாம் என்று ஒதுங்கியதைத் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை. விடிகாலை ஐந்தரைக்கு வாசல் பல்பு வெளிச்சத்தில் இரண்டும் கால் விறைத்துக் கிடக்கிறபோது மனசு நேராக எங்கே போகும்? எதிர்வீட்டுக்குத்தான் போனது. அவர் கார் மேல் பூனை ஏறுகிறது என்று இரண்டு தடவை சண்டை போட்டவர். செடிக்குழியில் எலி கேக் வைப்பவர். போலீசுக்குப் போவேன் என்று சொன்னேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சம்ஹிதை 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், அதையும் போட்டேன். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்றேன்.

அன்று மத்தியானம் மிளகு தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. மூக்கு தண்ணீரைத் தொடுகிற தூரத்தில் அப்படியே குந்தியிருந்தது. முதுகு கூனிப்போய், முடியெல்லாம் சிலிர்த்து. தாகம் இருக்கிறது, விழுங்க முடியவில்லை. இந்தக் காட்சியை மட்டுமாவது மனசில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டி இப்படி உட்கார்ந்தால் அடுத்த ஆட்டோவைப் பிடியுங்கள். மறுநாள் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

டாக்டரம்மாவிடம் விஷம் என்றே சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தாய்ப்பூனை எப்படி இருக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை."

"அதுவும் இதே கிண்ணத்துலதானே சாப்பிடுது? விஷம்னா அது பெரியவ, நெறையத் தின்னிருப்பா. அவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

எனக்குப் பதில் இல்லை. அவர் ஒரு பஞ்சுக்குச்சியில் மலம் எடுத்து, நாய்க்குட்டிகளுக்கு வாந்தி பேதியாகிற பார்வோ நோய்க்கு வைத்திருக்கும் சோதனை அட்டையிலேயே பார்த்தார். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி இரண்டு கோடு வந்தது. ரத்தத்தில் வெள்ளையணு 5,000க்கு மேல் இருக்க வேண்டியது, மிளகுக்கு 800. காய்ச்சல் 105.

நோயின் பெயர் பேன்லூக்கோபீனியா. வெள்ளையணு எல்லாமே குறைந்துபோவது என்று அர்த்தம். பூனைக்கு வரும் பார்வோ வைரஸ், சுருக்கமாக எஃப்பிவி என்கிறார்கள். இது புது நோயும் இல்லை. வைரஸ்தான் காரணம் என்று 1928லேயே காட்டிவிட்டார்கள். உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கே போய் உட்காரும். அப்படிப் பெருகும் இடங்கள் முக்கியமாக இரண்டு: குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை. முதலாவது போனால் வாந்தியும் பேதியும். குடலில் இருக்கிற கிருமியெல்லாம் ரத்தத்துக்குள் புகும். அதை எதிர்க்க வேண்டிய வெள்ளையணு, மஜ்ஜை போனதால், இருக்காது. குட்டியை இரண்டு பக்கமும் அடிக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்துக் குட்டியில் ஒன்பதுகூடப் போகலாம். சில குட்டிகள் வாந்தி பேதி எதுவும் தெரிவதற்கு முன்பே, ஒரே நாளில் போய்விடும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு விஷம் வைத்த மாதிரி இருக்கிறது.

சீனிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மாவே விளக்கினார். அதற்கு எப்போதோ வந்து போயிருக்கும், எதிர்ப்புசக்தி வந்துவிட்டது. அதைப் பால் வழியாகக் குட்டிகளுக்கும் கொடுத்திருக்கும். அந்தக் காப்பு சில வாரங்களுக்குத்தான். அது வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் நான் ஒரு வைரஸைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சீனியின் முந்தின ஈற்றில் ஒரு குட்டி, குடித்தவன் மாதிரி ஆடி ஆடித்தான் நடக்கும். கிண்ணத்துக்குக் குறிவைத்துப் போனால் பக்கத்தில் போய் முட்டும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன். கர்ப்பத்தில் தாய்க்கு இந்த வைரஸ் வந்தால் குட்டியின் சிறுமூளை வளராமல் போய்விடும், அதனால்தான் அந்த நடை என்று டாக்டரம்மா சொன்னார். நோவு இல்லை, நாளாக நாளாக அதிகமாகவும் ஆகாது. மாடிப்படியில் விழாமல் பார்த்துக்கொண்டால் ஆயுசுக்கும் வாழும். அதைக் கூட்டிப்போன தையற்கடை அக்கா வீட்டில் இன்றைக்கும் ஆடிக்கொண்டே திரிகிறது. ஆக, வைரஸ் எங்கள் தெருவில் எனக்கு முன்னாலேயே ஒருமுறை வந்து போயிருக்கிறது. நான் அதைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சாம்பல் குட்டியைக் கொடுத்தவருக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே போன் போட்டேன். "அய்யோ அக்கா, அதோட கூடப் பிறந்தது ரெண்டும் முந்தின வாரம்தான் போச்சு. அந்தத் தெருவுல யாரோ மருந்து வச்சுட்டாங்க. அதனாலதான் இதையாவது காப்பாத்தலாம்னு அவசரமா உங்ககிட்ட கொண்டு வந்தேன்" என்றார்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்த வாக்கியத்தால்தான். அவர் நல்ல மனசோடு செய்தார். அந்தத் தெருவில் விஷம் என்று நம்பினார். அதனால் குட்டியை அங்கிருந்து என் தெருவுக்கு மாற்றினார். நானும் விஷம் என்று நம்பினேன். டாக்டரம்மா அந்த ஒரு கேள்வி கேட்டிருக்காவிட்டால் மிளகைத் தி.நகரிலோ அசோக் நகரிலோ ஒரு "பாதுகாப்பான" வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பேன். வைரஸுக்குக் கால் கிடையாது. "யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்ற பேச்சுதான் அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள், மாட்டுக்கு வருவதற்குக் கோமாரி என்று பேர் வைத்திருக்கிறோம். சப்பை நோய், தொண்டை அடைப்பான் என்று பேர் இருக்கிறது. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி. கோழி செத்தால் வெள்ளைக் கழிச்சல் என்று கிராமத்தில் பாட்டிகூடச் சொல்வார்; பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போடமாட்டார், மிச்சக் கோழியைப் பிரித்து அடைப்பார். பூனையும் நெல் சேர்த்த காலத்திலிருந்து நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் கழிச்சலுக்கு மட்டும் பேர் இல்லை. பாலும் முட்டையும் தராத ஜீவன் எதனால் செத்தது என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. பேர் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், நான் இதைப் "பூனைக் கழிச்சல்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நன்றாக இல்லை என்றால் நீங்கள் நல்ல பேராக ஒன்று வையுங்கள்.

சரி, நம்மால் ஆகக்கூடியதைப் பேசுவோம்.

குட்டி கொடுக்கிறவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உண்மையைச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவை எத்தனை, அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, செத்தது எப்போது, எப்படி. "அழகான குட்டி, டாய்லெட் பழகியது" என்று படத்தோடு போடுகிறோமே, அதே இடத்தில் இந்த ஒரு வரியும் வரட்டும். வாங்குகிறவர் வீட்டிலும் கேளுங்கள், போன வருடத்தில் அங்கே ஏதாவது குட்டி வாந்தி பேதியில் செத்ததா என்று. இந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கும். பழைய குட்டியின் துக்கத்தை ஆற்ற என்று அதே வீட்டில் அதே மாதத்தில் புதுக் குட்டியை விடுவதுதான் நாம் செய்கிற பெரிய கொடுமை. கேட்டால் மறுபடியும் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். தடுப்பூசி எல்லாம் முடித்த பூனை என்றால் கொடுக்கலாம்; குட்டி கூடாது.

யார் கொடுத்தாலும், எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும், புதிதாக வந்தது இரண்டு வாரம் தனி அறையில். தனி அறை இல்லையென்றால் குளியலறை. தனிக் கிண்ணம், தனி மணல் தட்டு. முதலில் பழைய குட்டிகளுக்குச் சோறு, கடைசியில் புதிதுக்கு. சின்ன வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். எங்கள் வீடு நானூறு சதுர அடி. நடக்கும்.

ஊசி விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லோரிடமும் இருக்கிறது. "ஊசி போட்டாச்சு" என்று சொல்கிறவர்களிடம் எந்த ஊசி என்று கேட்டால் பாதிப் பேர் வெறிநோய் ஊசியைச் சொல்கிறார்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 போன்ற நாட்களில் இலவசமாகப் போடுவார்களே, அது. அது அவசியம், விடாதீர்கள். ஆனால் பூனைக் கழிச்சலுக்கு அது காப்பு இல்லை. இதற்கு வேறு ஊசி, இரண்டு சளி வைரஸையும் சேர்த்து மூன்றுக்கும் ஒன்றாக வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும் வரை போட வேண்டும். ஒன்று போட்டதும் நிறுத்திவிடுகிறோம், அதுதான் தப்பு. தாய்ப்பால் வழி வந்த காப்பு மிச்சமிருந்தால் ஊசி வேலை செய்யாமல் போகும், அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வடியும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கர்ப்பமான பூனைக்கு மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் போடவே கூடாது. வழக்கமாகக் கிடைக்கும் ஊசியில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருக்கும்; அது வயிற்றில் இருக்கும் குட்டியையும் அந்த ஆடி ஆடி நடக்கும் குட்டி மாதிரி ஆக்கிவிடலாம்.

வெயிட்டிங் ஹாலில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நாய்ப் பார்வோ 1978இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பூனையின் இந்த வைரஸோ அதன் நெருங்கிய உறவோ மாறித்தான் நாய்க்குத் தாவியது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இப்போது நாயிடம் சுற்றுகிற வகைகள் திரும்பிப் பூனைக்கும் வரக்கூடியவை. பேதியாகிற நாய்க்குட்டி உட்கார்ந்த இடத்தில் நம் பெட்டி வேண்டாம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு இந்த வைரஸ் வராது, பயமில்லை; ஆனால் நம் கையும் செருப்பும் புடவை முந்தானையும்தான் அதற்கு வாகனம். நான்கு தெருவில் சோறு வைக்கிற நம்மை மாதிரி ஆட்களை விட நல்ல வாகனம் அதற்குக் கிடைக்காது.

அடுத்தது ஃபினாயில். குட்டி செத்த இடத்தை நான் ஒரு பாட்டில் ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். வாசனை வந்ததும் திருப்தி. வைரஸ் அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது, சானிடைசருக்கும் அசையாது. ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கே விஷம் என்பது வேறு: காலில் ஒட்டியதை நக்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. மருந்து வைத்தது யார் என்று தெருவில் கத்திக்கொண்டே, வீட்டுக்குள் நானே வைத்திருக்கிறேன் பாருங்கள். வேலை செய்வது துணிக்குப் போடும் ப்ளீச்தான். முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி ப்ளீச் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நன்றாக அலச வேண்டும். மண் தரையில் இது பலிக்காது. அட்டைப்பெட்டி, பழைய துண்டு இதெல்லாம் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இன்னொன்று சொல்லாமல் விடமுடியாது. காய்ச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். பாதி மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். வைரஸிலிருந்து பிழைக்க வேண்டியது மாத்திரையில் போகும். வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாய் வழியாகப் பாலும் மோரும் திணிக்கவும் வேண்டாம். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் கிடையாது. தோலுக்கடியிலோ நரம்பிலோ ஏற்றும் திரவம், வாந்தியை நிறுத்தும் ஊசி, ரத்தத்தில் புகுந்த கிருமிக்கு ஆன்டிபயாடிக், வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. இப்படித் தாக்குப்பிடிக்க வைத்தால் பாதிக்குப் பாதி பிழைக்கின்றன. முதல் சில நாள்தான் கண்டம். ஐந்து நாள் தாண்டினால் பெரும்பாலும் தேறிவிடும்.

எல்லாப் பேதியும் இது என்று சொல்லவில்லை. குடற்புழு இருக்கும், சாப்பாடு மாறியதால் இருக்கும். பூனைக்கென்று ஒரு கொரோனா வைரஸ் உண்டு (நம்மை வீட்டுக்குள் அடைத்த கோவிட் இல்லை). நிறையப் பூனை இருக்கும் வீட்டில் அநேகமாக எல்லாவற்றின் குடலிலும் இருக்கும், லேசான பேதியோடு போய்விடும். சிலதில் மட்டும் அது உடம்புக்குள்ளேயே மாறி, வயிற்றில் நீர் கோத்து ஆளையே சாப்பிடும் நோயாகிறது. 2023இல் சைப்ரஸ் தீவில் அது பரவிப் பூனைகள் மடிந்தபோது, மனிதர்களுக்காக வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த அரசாங்கமே அனுமதித்தது. அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். வயிறு ஊதிய குட்டிக்கு "பூச்சி மருந்து கொடுங்க" என்று குழுவில் பதில் போடும் முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நிஜமாகவே விஷம் வைக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அது தெரிய வேண்டுமானால் உடலைப் புதைக்கும் முன் சோதிக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் போட்டு உறையவிட வேண்டாம். அட்டை சோதனைகூட எல்லாம் தெரிந்ததில்லை: முந்தின வாரம் ஊசி போட்ட குட்டிக்கும் கோடு வரலாம், நோய் இருந்தும் கோடு வராமலும் போகலாம். ஆனால் இதில் ஒன்றையும் செய்யாமல் ஒரு மனுஷன் பேரை நான் தெருவில் இழுத்தேன்.

மிளகு ஆறு நாள் காலில் ஊசிக்குழாயோடு கிடந்தது. ஏழாம் நாள் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றை விரலிலிருந்து எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகும் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் ஆறு வாரம் குளியலறையில் வைத்திருந்தேன். மருந்து ஊட்டியது, துண்டில் சுற்றி அமுக்கியது எல்லாம் நான்தான் என்பதால், இப்போது என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

பெரியவர் வீட்டுக்கு அந்த வாரமே போனேன். சோதனை அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டி, தப்பு என்னோடது என்றேன். வாட்ஸ்அப் குழுவிலும் அதே நீளத்துக்கு மன்னிப்பு எழுதினேன். குற்றச்சாட்டுக்கு நாற்பது பேர் பதில் போட்டார்கள், மன்னிப்புக்கு மூன்று பேர். அவர் படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எலி கேக்கை அன்னைக்கே எடுத்துப் போட்டுட்டேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கறுப்பு பிழைச்சுக்குமா?" என்று கேட்டார்.

பிழைத்துக்கொண்டது. இப்போது வெளியே விட்டால் நேராக அவர் கார் பானெட் மேல் போய்ப் படுக்கிறது. கால் தடம் விழுகிறது என்று அவர் தினமும் காலையில் புகார் சொல்கிறார். நான் ஒரு ஈரத்துணியோடு போய்த் துடைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மேற்கு மாம்பலம்